வேலியும் ஜன்னலில்லாத மண்டபமும்: 19ஆம் நூற்றாண்டு யேல் மாணவர்களின் உலகம்

1888ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இருக்கும் யேல் பல்கலைக்கழகம் தன் வளாகத்து முனையில் நின்ற ஒரு மரவேலியைப் பிடுங்கி எறிய முடிவு செய்தது. இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடத்தில், எல்ம் மரங்களின் நிழலில், கம்பங்களுக்கு இடையே சட்டங்களைச் செருகி நிறுத்திய எளிய வேலி அது. அங்கே ஆஸ்பார்ன் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடம் வரப்போகிறது என்றார்கள். கல்லூரி வகுப்பறை கட்டுவதை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் மாணவர்கள் கொதித்தார்கள். படித்து முடித்து எங்கெங்கோ போய்விட்ட பழைய மாணவர்களும் மனுப் போட்டுக் கெஞ்சினார்கள். பலனில்லை. வேலி போயிற்று.

ஒரு வேலிக்கு ஏன் இத்தனை கண்ணீர்? மேல் சட்டத்தில் உட்கார்ந்து, கீழ்ச் சட்டத்தில் கால் வைத்துக்கொண்டு, மாலை வேளைகளில் மாணவர்கள் கூடிப் பாடிய இடம் அது. செய்தி பரவியதும், விவாதம் தொடங்கியதும், சண்டை மூண்டதும் அங்கேதான். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, இறுதியாண்டு என்று ஒவ்வொரு வகுப்புக்கும் வேலியில் தனிப் பகுதி இருந்தது. முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும் இடம் கிடையாது. ஹார்வர்டின் முதலாண்டு அணியை பேஸ்பாலில் தோற்கடித்தால்தான் அவர்கள் அதில் உட்காரும் உரிமையைப் பெறுவார்கள். பிற்காலத்தில் நீதிபதியாகவும் அமைச்சராகவும் ஆனவர்கள்கூட யேலை நினைத்தபோது முதலில் நினைத்தது நூலகத்தையோ பேராசிரியரையோ அன்று; இந்த வேலியைத்தான்.

இது எப்படி நேர்ந்தது என்று விளங்க வேண்டுமானால், அந்த நூற்றாண்டின் முற்பகுதியில் வகுப்பறை எப்படி இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். விடியும் முன்பே மணி அடிக்கும். குளிர்காலத்தில் விளக்கு வெளிச்சத்தில் வழிபாடு. அதற்கு வராமல் இருக்க முடியாது. காலை உணவுக்கு முன்பே முதல் பாடம். பாடம் என்றால் ஆசிரியர் விளக்கிச் சொல்வது என்று நினைத்துவிடக் கூடாது. இளம் டியூட்டர் ஒருவர் மாணவனின் பெயரை அழைப்பார். மாணவன் எழுந்து லத்தீன் வரிகளையோ யூக்ளிடின் வடிவியல் தேற்றத்தையோ ஒப்பிப்பான். டியூட்டர் குறிப்பேட்டில் மதிப்பெண் போடுவார். அவ்வளவுதான். கிரேக்கம், லத்தீன், கணிதம் ஆகிய மூன்றும் மனத்தைப் பழக்குபவை, மனத்தை நிரப்புபவை என்று 1828இல் யேல் ஆசிரியர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டன. சமகால இலக்கியத்துக்கும் நாட்டு அரசியலுக்கும், ஊரே கொந்தளித்துக்கொண்டிருந்த அடிமை முறை குறித்த விவாதத்துக்கும் அந்த வகுப்பறைக்குள் வழியில்லை.

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. 1828இல் கல்லூரிப் பொது உணவகத்தின் சாப்பாட்டை எதிர்த்துக் கலகம் செய்தார்கள். 1830இல் நடந்தது இன்னும் பெரிது. கணிதத்தில் கூம்பு வளைவுகள் பற்றிய பாடம். அதுவரை புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்துக்கொண்டே விடை சொல்லலாம். இனிமேல் கரும்பலகையில் நினைவிலிருந்து படம் வரைந்து விளக்க வேண்டும் என்று கல்லூரி உத்தரவிட்டது. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மறுத்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள், அதாவது வகுப்பில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், ஒரே அடியாக வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுள் அன்றைய அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் கால்ஹூனின் மகனும் ஒருவர். இவர்களைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள் என்று மற்றக் கல்லூரிகளுக்கும் யேல் எழுதியது.

கலகம் தோற்ற இடத்தில் சடங்கு நுழைந்தது. யூக்ளிட் பாடம் முடிந்ததும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அந்தப் புத்தகத்துக்கு இறுதிச் சடங்கு நடத்துவார்கள். இரவில், ஒரு கூடத்து அடுப்பில் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிப் புத்தகத்தின் நடுவே செருகுவார்கள். புகையும் அந்தத் துளை வழியாக ஒவ்வொருவரும் கண் வைத்துப் பார்ப்பார்கள்: யூக்ளிடை ஊடுருவிப் பார்த்தாயிற்று. பிறகு வரிசையாகப் புத்தகத்தின் மேல் கால் வைத்து நடப்பார்கள்: யூக்ளிடைத் தாண்டியாயிற்று. அதன்பின் தீப்பந்த ஊர்வலம், இரங்கற்பா, சிதை. ஓர் ஆண்டு முழுவதும் ஒப்பித்து ஒப்பித்துச் சலித்த இளைஞர்களின் ஆத்திரமும் கற்பனையும் அந்தச் சடங்கில் ஒருசேரத் தெரிகின்றன. நம் ஊரில் புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைப் படிக்கும்போது மனம் திக்கென்றுதான் இருக்கும்.

ஆனால் அந்த மாணவர்கள் புத்தகத்தை வெறுத்தவர்கள் அல்லர். அதற்குச் சான்று, அவர்கள் தாமே கட்டியெழுப்பிய இரண்டு நூலகங்கள்.

லினோனியா என்ற மன்றம் 1753இல் தொடங்கியது. பிரதர்ஸ் இன் யூனிட்டி என்ற மன்றம் 1768இல். இரண்டும் இலக்கிய மன்றங்கள் என்று சொல்லப்பட்டாலும் உயிர்நாடி விவாதம்தான். வாரந்தோறும் கூடி, ஒரு கேள்வியை எடுத்து, இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவார்கள். அடிமை முறை சரியா, செவ்விந்தியர்களை அவர்கள் நிலத்திலிருந்து அகற்றலாமா என்று வகுப்பறை தொடாத கேள்விகள் அத்தனையும் அங்கே அலசப்பட்டன. மன்றத்துக்குச் சொந்தமாகச் சட்டதிட்டம், தலைவர், செயலர், பொருளாளர், கூட்டக் குறிப்பேடு எல்லாம் உண்டு. மன்றத்துக்குள் ஆசிரியரின் கை நுழையாது. இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது, இவை எல்லோருக்கும் உரியவையாக இருந்தன என்பது. ஏழை, பணக்காரன், கெட்டிக்காரன், மந்தமானவன் என்று பாராமல் புதிதாக வந்த மாணவர்கள் இரண்டு மன்றங்களுக்கும் பகிர்ந்து சேர்க்கப்பட்டார்கள். எங்கள் மன்றமே சிறந்தது என்று இரு தரப்புப் பேச்சாளர்களும் புது மாணவர்கள் முன் முழங்குவதற்கென்றே ஆண்டுதோறும் ஒரு நாள் இருந்தது. அதற்கு வைத்த பெயர் 'உண்மைகளின் அறிக்கை'.

கல்லூரி நூலகத்தில் சமய நூல்களும் பழைய மொழி நூல்களும் மிகுதி. அதுவும் இளைய மாணவர்களுக்குத் தாராளமாகத் திறந்திருக்கவில்லை. நாவல், கவிதை, வரலாறு, பயணநூல், புதிய இதழ் ஆகியவை வேண்டுமென்றால் மன்ற நூலகத்துக்குத்தான் போக வேண்டும். சந்தாவும் நன்கொடையும் திரட்டி மாணவர்கள் வாங்கிச் சேர்த்த நூல்கள் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மன்றத்துக்குச் சுமார் 10,000 என்ற அளவை எட்டின. 1840களில் கல்லூரி தன் புதிய நூலகக் கட்டடத்தை எழுப்பியபோது, அதன் சிறகுகளில் மாணவர் மன்றங்களின் நூலகங்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. 1853இல் எழுந்த அலம்னை ஹாலின் அமைப்பு இன்னும் பேசும். கீழே பெரிய தேர்வுக் கூடம். மேல்மாடியில் லினோனியாவுக்கும் பிரதர்ஸுக்கும் தனித்தனி அவைகள். கீழே ஒப்பித்தல், மேலே விவாதம். இரண்டு கல்லூரிகள் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்றே சொல்லலாம்.

இந்த இரண்டாவது கல்லூரியை யுங் விங் என்ற மாணவரின் வழியாகப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். சீனாவின் தென்கோடியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மிஷனரிப் பள்ளியில் படித்து, 1850இல் யேலில் சேர்ந்தவர். 1854இல் பட்டம் பெற்று, அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் சீனர் ஆனார். நுண்கணிதம் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அதை வெறுத்ததாகவே பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். ஆனால் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு அவருக்குத்தான். கையில் காசில்லை. 1842இல் கல்லூரி பொது உணவகத்தை மூடிவிட்டதால், மாணவர்கள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து உணவு மன்றங்கள் நடத்திவந்தார்கள். அப்படிப்பட்ட ஒன்றுக்கு யுங் விங் மேலாளர் ஆனார். கடைக்குப் போய் இறைச்சியும் காய்கறியும் வாங்கி வருவார், பந்தியில் பரிமாறுவார். அதற்கு ஈடாக அவருக்குச் சாப்பாடு. மீதி நேரத்தில் பிரதர்ஸ் மன்ற நூலகத்தின் உதவி நூலகர். இறுதியாண்டில் நூலகராகவே தேர்ந்தெடுக்கப்பட்டு 30 டாலர் ஊதியம் பெற்றார். தன்னைவிட வசதியான சக மாணவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்த அந்த வேலையில்தான் யேலில் தனக்கென ஓரிடத்தை அவர் பெற்றார்.

மாணவர் கூட்டுகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நமக்கு நெருங்கிய ஒரு சாட்சி உண்டு. யேலுக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு என்றால் சென்னைக் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்த எலிஹு யேலின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் 1718இல் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கு விற்ற பணத்தால் கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. ஆனால் மாணவர் வாழ்க்கை என்று பார்த்தால் இன்னொரு கதைதான் பொருத்தமானது. மாசசூசெட்ஸில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியில் 1806இல் ஐந்து மாணவர்கள் மழைக்கு ஒரு வைக்கோற்போரின் கீழ் ஒதுங்கி ஜெபித்தார்கள். 1808இல் அங்கே வெளிநாட்டு ஊழியத்துக்காக மாணவர்களின் ரகசியச் சங்கம் ஒன்று தோன்றியது. 1810இல் அதிலிருந்து அமெரிக்க மிஷன் வாரியமே பிறந்தது. அந்த ஐவரில் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸும், 1809இல் யேலில் பட்டம் பெற்ற பெஞ்சமின் மெய்க்ஸும் 1816இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். ரிச்சர்ட்ஸ் 1822இல் தெல்லிப்பழையில் இறந்தார். அடுத்த ஆண்டு வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரியும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவருமான சி.வை. தாமோதரம்பிள்ளை படித்த இடம் அது. ஒரு மாணவர் சங்கத்தின் வேர் தமிழ்ப் பதிப்பு வரலாறு வரை ஓடுகிறது.

யேலுக்குத் திரும்புவோம். எல்லோருக்கும் உரிய மன்றங்களில் விரிசல் முன்பே விழுந்திருந்தது. 1819இல் தென் மாநில மாணவர்கள் பெருமளவில் பிரிந்து கலியோபி என்ற மூன்றாவது மன்றத்தைத் தொடங்கினார்கள். அது 1853 வரை நீடித்தது. உள்நாட்டுப் போருக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே நாடு பிளக்கப்போகும் கோடு இந்தச் சிறு வளாகத்தில் தெரிந்துவிட்டது. அதைவிட ஆழமான விரிசல் 1832இல். ஃபை பீட்டா கப்பா என்ற கௌரவச் சங்கத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பதில் மன்றங்களுக்குள் எழுந்த தகராறைத் தொடர்ந்து, வில்லியம் ரஸ்ஸல், அல்ஃபோன்சோ டாஃப்ட் முதலிய இறுதியாண்டு மாணவர்கள் ஸ்கல் அண்ட் போன்ஸ் என்ற ரகசியச் சங்கத்தை அமைத்தார்கள். ஆண்டுக்குப் பதினைந்து பேருக்கு மட்டுமே இடம். 1842இல் ஸ்க்ரோல் அண்ட் கீ, 1880களில் உல்ஃப்ஸ் ஹெட் என்று வேறு சங்கங்கள் தொடர்ந்தன. 1856இல் போன்ஸ் தனக்கென ஒரு கட்டடம் எழுப்பியது. பழுப்புக் கல்லால் ஆன, தெருவை நோக்கி ஜன்னலே இல்லாத மண்டபம். மாணவர்கள் அதைக் கல்லறை என்றே அழைத்தார்கள். இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

வேலியையும் இந்த மண்டபத்தையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்க்கிறேன். ஒன்றில் சுவரே இல்லை. மற்றொன்றில் சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாது. நூற்றாண்டின் பிற்பாதியில் வளாகத்தின் ஈர்ப்பு மையம் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மெல்ல நகர்ந்தது. முதலாண்டுச் சங்கம், இரண்டாமாண்டுச் சங்கம், மூன்றாமாண்டுச் சங்கம், கடைசியில் போன்ஸ் என்று ஓர் ஏணி உருவாயிற்று. ஒவ்வொரு படியிலும் ஆட்கள் குறைந்தார்கள். 1870களின் இறுதியிலிருந்து தேர்வு நாள் திறந்தவெளிக்கு வந்தது. மே மாதப் பிற்பகலில் மூன்றாமாண்டு மாணவர்கள் அனைவரும் வளாகத்தில் கூடி நிற்பார்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவர் கூட்டத்துக்குள் நுழைந்து, ஒருவன் பின்னால் போய்த் தோளில் ஓங்கித் தட்டி, உன் அறைக்குப் போ என்பார். தட்டப்பட்டவன் சங்கத்தில் சேர்ந்தான். தட்டப்படாதவர்கள் எல்லோர் முன்னிலையிலும் வெறுங்கையோடு நின்றார்கள். மூன்று ஆண்டு நட்பும் உழைப்பும் ஒரு தட்டில் தீர்மானமாகும் அந்தக் காட்சியில் இருந்த கொடுமையை அக்காலத்து மாணவர்களே உணர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இலக்கிய மன்றங்கள் தாக்குப்பிடிக்கவில்லை. 1870களின் தொடக்கத்தில் இரண்டும் அடங்கின. அவற்றின் நூல்கள் கல்லூரி நூலகத்தோடு சேர்க்கப்பட்டன. அறிவுக்கு அளிக்கும் கௌரவமான ஃபை பீட்டா கப்பாவின் யேல் கிளையும் 1871 முதல் 1884 வரை செயலற்றுக் கிடந்தது. அந்த இடைவெளியில்தான் நியூ ஹேவனைச் சேர்ந்த கறுப்பின மாணவர் எட்வர்ட் பூஷே 1874இல் வகுப்பில் மிக உயர்ந்த இடத்தில் தேறினார். 1876இல் இயற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவரே. கௌரவச் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது 1884இல், கிளை மறுபடி உயிர்பெற்ற பிறகு. எந்தப் பல்கலைக்கழகமும் வேலை தராததால் பிலடெல்ஃபியாவில் கறுப்பின மாணவர்களுக்கான பள்ளி ஒன்றில் அவர் 26 ஆண்டுகள் அறிவியல் கற்பித்தார். பெண்களுக்கோ இளங்கலை வகுப்பின் கதவு அந்த நூற்றாண்டு முழுவதும் திறக்கவே இல்லை.

மன்றங்கள் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டது விளையாட்டு. அதன் தொடக்கம் வேடிக்கையானது. 1843இல் யேல் மாணவர்கள் சிலர் பணம் போட்டுப் பழைய படகு ஒன்றை வாங்கினார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு ரயில் நிறுவனம் தன் புதிய பாதையில் பயணிகளைச் சேர்க்க வழி தேடிக்கொண்டிருந்தது. வின்னிபசாக்கி ஏரியில் ஹார்வர்டும் யேலும் படகுப் போட்டி நடத்தினால், செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொன்னது. 1852 ஆகஸ்ட் 3 அன்று போட்டி நடந்தது. ரயிலில் கூட்டம் வந்து குவிந்தது. அந்த ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று வென்ற ஃபிராங்ளின் பியர்ஸ், வெற்றி பெற்ற ஹார்வர்டு அணிக்கு வெள்ளிப் பூண் போட்ட கறுப்பு வால்நட் துடுப்புகளைப் பரிசளித்தார். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி இதுதான். கல்லூரி விளையாட்டில் வணிகம் பின்னாளில் புகுந்தது என்று வருந்துகிறவர்கள் உண்டு. வணிகம் முதல் நாளே படகில் ஏறிவிட்டது.

கால்பந்தின் கதை வேறு. நகரத் திடலில் முதலாண்டு மாணவர்களும் இரண்டாமாண்டு மாணவர்களும் கும்பலாக மோதிக்கொள்வதுதான் பழைய கால்பந்து. ஊராரோடும் மோதல்கள் இருந்தன; 1858இல் ஓர் உணவு மன்ற மாணவர்களுக்கும் தீயணைப்புப் படையினருக்கும் நடந்த சண்டையில் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதே காலகட்டத்தில் கும்பல் கால்பந்துக்கும் தடை வந்தது. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் முதல் கல்லூரிப் போட்டியை ஆடியபோது அணிக்கு 25 பேர். 1875இல் ஹார்வர்டு யேலை முதன்முதலாகச் சந்தித்து நான்கு கோல் போட்டு வீழ்த்தியது. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் யேலில் கால்பந்து வெறியாயிற்று.

1876இல் சேர்ந்த வால்டர் கேம்ப் என்ற மாணவர் இந்த ஆட்டத்தையே மாற்றினார். அப்போது ஆடப்பட்ட ரக்பி முறையில் பந்தைச் சுற்றி இரு அணியும் முட்டி மோதும். பந்து எந்தப் பக்கம் வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. 1880இல் கேம்பின் யோசனைப்படி, பந்து ஓர் அணியின் உடைமை, அந்த அணி தன் விருப்பப்படி ஆட்டத்தைத் தொடங்கலாம் என்று விதி வந்தது. அணிக்கு 11 பேர் என்றும் ஆயிற்று. ஆனால் அடுத்த ஆண்டே பிரின்ஸ்டன் ஒரு பாதி முழுவதும் பந்தை விடாமல் வைத்துக்கொண்டது, யேல் மறுபாதி முழுவதும் வைத்துக்கொண்டது, ஆட்டம் செத்தது. அதற்கு மருந்தாக 1882இல், மூன்று முயற்சியில் ஐந்து கெஜம் முன்னேறாவிட்டால் பந்தை விட்டுவிட வேண்டும் என்ற விதி பிறந்தது. ஐந்து கெஜத்தை அளக்க மைதானம் முழுவதும் சுண்ணாம்புக் கோடுகள் போட்டார்கள். இன்று கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்க்கும் அமெரிக்கக் கால்பந்தின் கோடு போட்ட மைதானம் அப்படி வந்ததுதான். இந்த விதிகளை வகுத்தவர்கள் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். கூட்டம் கூட்டினார்கள், தீர்மானம் கொண்டுவந்தார்கள், வாதிட்டார்கள், வாக்கெடுத்தார்கள். லினோனியாவின் அவை மூடப்பட்டாலும் அதன் பழக்கம் விளையாட்டுச் சங்கத்தில் தொடர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

விளையாட்டு சில கதவுகளைத் திறக்கவும் செய்தது. யுங் விங்கின் முயற்சியால் 1872 முதல் சீன அரசு 120 சிறுவர்களை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியது. அவர்களில் ஒருவரான சுங் மன்-யூ யேல் படகின் சுக்கான் பிடித்து வழிநடத்தினார். 1880, 1881 இரண்டு ஆண்டுகளும் ஹார்வர்டைத் தோற்கடித்த படகு அது. 1881இலேயே சீன அரசு மாணவர்கள் அனைவரையும் திரும்ப அழைத்துக்கொண்டது.

1887இல் யேல் கல்லூரி முறைப்படி யேல் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1888இல் அதன் கால்பந்து அணி 13 ஆட்டங்களில் 698 புள்ளி எடுத்தது. எதிரணிகள் அத்தனையும் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். நன்றி நவிலும் நாளில் நியூயார்க்கில் நடக்கும் பிரின்ஸ்டன் ஆட்டத்துக்குப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். 1894இல் ஹார்வர்டுடனான ஆட்டம் ரத்தக் களரியாகி, இரண்டு ஆண்டுகள் இரு பல்கலைக்கழகங்களும் கால்பந்து மைதானத்தில் சந்திக்கவே இல்லை. விவாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு மாணவனும் உறுப்பினனாக வந்தான். கால்பந்துக்குப் பதினோரு பேர் போதும், மற்றவர்கள் கைதட்டினார்கள்.

வேலியைப் பிடுங்கியதும் அந்த 1888இல்தான். ஆனால் அதன் ஒரு துண்டு தப்பியது. பாக் சகோதரர்களின் ஒளிப்படக்கூடம் அதை எடுத்து வைத்துக்கொண்டது. அன்று முதல் யேலின் ஒவ்வோர் அணித்தலைவரும் அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது மரபு. பழைய படங்களில் மார்பில் ஒய் எழுத்துப் பொறித்த கம்பளிச் சட்டை, மடக்கிய கைகள், நேர்ப் பார்வை. ஒரு வகுப்பே தோளோடு தோள் உரசி உட்கார்ந்து பாடிய சட்டத்தில், ஸ்டூடியோ வெளிச்சத்தில், ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்.